எசி அக்காளுக்கு விழுந்த ஓட்டு

சாணார்பட்டி மரியராஜ் போர்வெல் வண்டியிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். திண்டுக்கல் பக்கம் எங்கே துளை போட்டாலும் புழுதிதான் பறக்கிறது என்றானதும், முதலாளி வண்டியைக் கப்பலேற்றி மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானாவுக்கு அனுப்பினார். கூடவே மரியராஜும் போனார்.

அந்த ஊரில் அவருக்குச் சோறு போட்டவர் எசி. சந்தையோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ஒரு பெரிய கட்சிக்குக் காலமெல்லாம் கொடி பிடித்தவர், கட்சி உள்ளூர்க்காரர்களைக் கேட்காமல் தலைநகரிலிருந்து வேட்பாளரை இறக்கியதும் சிலரோடு வெளியேறினார். பிரிந்தவர்கள் புதுக்கட்சி தொடங்கி, எசியையே நாடாளுமன்றத் தேர்தலில் நிறுத்தினார்கள்.

தாய்க்கட்சியை விட்டுப் பிரிந்தவர்கள் எத்தனையோ பேரை மரியராஜ் நம்மூரில் பார்த்தவர். பேரம் படிந்தால் திரும்பிப் போய்விடுவார்கள்.

"எதுக்குக்கா வேண்டாத வேல? ஜெயிக்கவா போறீக?" என்று அரைகுறை இங்கிலீஷில் கேட்டார்.

"மாட்டேன். ஆனா என்னை மாதிரி மனசு நொந்தவங்க எங்கே விரல் வைப்பாங்க?" என்றார் எசி, மீனைப் புரட்டிக்கொண்டே.

அங்கே சீட்டில் வேட்பாளரின் கட்டத்தில் பெருவிரல் ரேகை பதிப்பதுதான் ஓட்டு. ஓட்டுப்போட்ட சாயங்காலமே, வாக்குச்சாவடி இருந்த அதே மரத்தடியில் எண்ணத் தொடங்கினார்கள். ஊரே சுற்றி நின்றது. அதிகாரி ஒவ்வொரு சீட்டாகத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட, கூட்டம் ஒரே குரலில் எண்ணியது. மரியராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எசியின் சீட்டு அடுக்கு மட்டும் உயரவேயில்லை.

ஒரு சீட்டில் விரல் ரேகை மங்கலாக, கட்டத்தின் ஓரத்தில் பதிந்திருந்தது. அதிகாரி அதைச் செல்லாததில் வைக்கப் போனார். எசியின் ஏஜெண்ட் எங்கோ போயிருந்தான். அப்போது தாய்க்கட்சியின் ஏஜெண்ட் எழுந்தார். எசியைத் துரோகி என்று தெருத்தெருவாகத் திட்டியவர்.

"அது அந்தம்மா ஓட்டு. ரேகை அவங்க கட்டத்துலதான் இருக்கு. எண்ணுங்க."

கூட்டத்தின் கைதட்டல் மரத்தையே உலுக்கியது. தோற்றுப்போன எசி நேரே நடந்து போய் அந்த மனிதரைக் கட்டிக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரி மரியராஜ் மனைவி ரூபிக்குப் போன் போட்டார். "அக்கா தோத்துட்டாக ரூபி. ஆனா ஒத்த ஓட்டுக்கு அம்புட்டு மருவாதடி!"

ஊர் திரும்பிய பின் வந்த தேர்தலில், ஒரு பெரிய கட்சியிலிருந்து உடைந்த சின்னக் கட்சிக்குச் சாணார்பட்டி வாக்குச்சாவடியில் உட்கார ஏஜெண்ட் கிடைக்கவில்லை. மரியராஜ் வலியப் போய், தான் உட்காருவதாகச் சொன்னார்.

"அண்ணே, நீங்க நம்ம கட்சியா?" என்று அந்த வேட்பாளர் விழித்தார்.

"இல்ல தம்பி. ஆனா ஒங்களுக்கும் அங்கன ஒரு ஆளு வேணும்ல?"

காலையில் உட்கார்ந்தவர், எந்திரத்துக்குச் சீல் வைக்கும்வரை எழுந்திருக்கவில்லை.