ரெஹானா அக்காவின் விளக்கெண்ணெய்ச் சோப்பு

சுவாமி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு ரெஹானா அக்காவின் மருமகள் ஓடி வந்தாள். "ஆன்ட்டி, மாமி எழுந்திரிக்க மாட்றாங்க." போய்க் கையைத் தொட்டேன். டாக்டர் வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

தாம்பரத்தில் எங்கள் குடியிருப்பில் அவரிடம் சோப்பு வாங்கிய உங்களுக்கெல்லாம் அவர் சோப்பு அக்கா. எனக்குப் பழக்கமானது விளக்கால். நான் குடிவந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை என் விளக்கு புகைந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "இன்னா எண்ணெய்மா ஊத்தின? இது விளக்கெண்ணெயே இல்ல." சின்ன பாட்டிலில் என் எண்ணெயையும் ஸ்பிரிட்டையும் ஊற்றிக் குலுக்கினார். எண்ணெய் பிரிந்து நின்றது. அவர் வீட்டு எண்ணெயோ கரைந்து தெளிவாகிவிட்டது. ஆமணக்கு எண்ணெயிலிருந்து கிரீஸ் முதல் லிப்ஸ்டிக் சரக்கு வரை செய்யும் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். "இதுல ரிசினோலிக் ஆசிட்னு ஒண்ணு நெறைய கீது. அதுக்கு மட்டும் ஒரு கை எக்ஸ்ட்ரா. அந்தக் கையாலதான் ஸ்பிரிட்டைப் புடிச்சுக்குது" என்றார்.

பிறகு மொட்டை மாடியில் சேர்ந்து சோப்பு செய்தோம். காஸ்டிக் சோடா கரைப்பது அவர், வரவு செலவு நான். ஒருமுறை அவர் கேளம்பாக்கத்துக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, உசத்தியான எண்ணெய்தானே என்று முழுக்க விளக்கெண்ணெயிலேயே செய்துவிட்டேன். அல்வா மாதிரி அச்சில் ஒட்டிக்கொண்டது. அக்கா விரலால் அமுக்கிப் பார்த்துச் சிரித்தார். "அடி விளக்கெண்ணெய்! இது நுரையைப் புடிச்சு வைக்கும், அவ்ளோதான். நுரையைக் கிளப்பத் தேங்காயெண்ணெய் வேணும்டி."

என் கணவர் போன பிறகு, மகனும் வெளிநாட்டில் இருக்க, ஒரு நாளில் நான் பேசிய பேச்செல்லாம் அந்த மாடியில்தான். என் ஏகாதசியும் அவருடைய ரம்ஜான் நோன்பும் சேர்ந்து வந்த ஒரு நாளில் இருவரும் பட்டினியாகக் கலக்கினோம். "எனக்காவது சாயங்காலம் கஞ்சி. உனக்கு நாளைக்குக் காலைல வரைக்கும் ஒண்ணுமில்ல, பாவம்" என்று கிண்டல் செய்தார்.

அக்கா இறந்த அன்று அவரைக் குளிப்பாட்டப் பெண்கள் உள்ளே போனார்கள். அது அவர்கள் முறை. எனக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் வராந்தாவில் நின்றேன். மருமகள் வெளியே வந்தாள்.

"ஆன்ட்டி, மாமிக்கு வேற சோப்பு ஒத்துக்காதே. இங்க தீர்ந்துபோச்சு. உங்ககிட்ட இருக்குதா?"

மாடித் தட்டுகளில் இருந்த சோப்பெல்லாம் இன்னும் பச்சை. காரம் அடங்க வாரக்கணக்கில் ஆகும். தேய்த்தால் அக்காவுக்கு எரியுமே என்று பயந்தேன். இனி எரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை. என் குளியலறையில் நான் தேய்த்த சோப்புத் துண்டு ஒன்றுதான் இருந்தது. எச்சில், பத்து என்று சுத்தம் பார்க்கிறவள் நான். கழுவித் துடைத்து, தயங்கித் தயங்கி நீட்டினேன்.

"நான் தேய்ச்சது, பாப்பா..."

"நீங்கதானே ஆன்ட்டி. குடுங்க."

வீட்டுக்கு வந்து வெறும் தண்ணீரில் தலைக்குக் குளித்தேன்.

அந்தத் தட்டுகளை மருமகள் என்னிடமே விட்டுவிட்டாள். அவசரப்பட்டுக் கேட்டவர்களை அக்கா, "இன்னும் ஆவல, போய்ட்டு அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பிடிவாதத்தைத்தான். பக்குவமாகாமல் யாருக்கும் தரமாட்டேன்.

ஆனாலும், அதுவரை காத்திருக்காமல் வந்து கேளுங்கள். 'இன்னும் ஆவல' என்று சொல்லவாவது எனக்கு ஒரு ஆள் வேண்டும்.