அட்டை ஒட்டாத கால்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது நான் என் கண்ணால் பார்த்தது. உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நோயாளிகளைப் பார்த்து மருந்து கொடுக்கிறவள் நான். லேசில் யாரையும் நம்பமாட்டேன். மழை பெய்தால் போதும், பாதித் தோட்டத்துக்குக் காய்ச்சல் வந்துவிடும். காய்ச்சல் என்று சீட்டு வாங்கிவிட்டால் மறுநாள் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகாமல் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம் அல்லவா? அதனால் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு நான் ஆளின் முகத்தைத்தான் பார்ப்பேன்.

அன்று சாயங்காலம் விடாத மழை. பனிமூட்டம் வாசல் வரை வந்து நின்றது. எனக்கு உதவிக்கு இருக்கும் வேலாயி அக்கா நேரத்தோடே வீட்டுக்குப் போய்விட்டார். நானும் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. தலையோடு போர்த்திய கம்பளி. பாதி முகம்தான் தெரிந்தது. வெறுங்கால்.

“சீட்டா?” என்றேன் எரிச்சலோடு.

“இல்லைங்க மிஸ். அட்டை கடிச்சிருக்குங்க.”

“அதுக்கா இந்த மழையில வந்தீங்க? சுண்ணாம்பு வச்சா சரியாப் போகுமே?”

“வச்சாங்க… சரியாகல.”

எனக்குச் சந்தேகம் தட்டியது. அட்டைக்கடியைக் காட்ட டிஸ்பென்சரிக்கு வருகிறவர் எங்கள் தோட்டத்தில் யார்?

அவள் கையைத் தூக்கினாள். அக்குளில் ஒரு பொருக்கு. பீடி நெருப்புப் பட்டது போல வட்டமாக, கறுப்பாக. சுற்றிலும் சிவப்பு. அட்டை கடித்தால் இரத்தம் லேசில் நிற்காது, அரிக்கும். இது காய்ந்து கிடந்தது.

“அரிக்குதா? வலிக்குதா?”

“ஒன்னுமே தெரியலங்க.”

அட கடவுளே! இது அட்டையே இல்லை. புதரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்த இடம். உண்ணிக் காய்ச்சல். டொக்சிசைக்ளின் மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்தால் ஓரிரு நாளில் இறங்கிவிடும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், மூளை என்று பரவி ஆளையே கொண்டுபோய்விடும்.

தெர்மாமீட்டரை வைத்தேன். பாதரசம் அசையவில்லை. உதறிவிட்டு மறுபடியும் வைத்தேன்.

அசையவில்லை…

மணிக்கட்டைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. நாடி பிடிபடவில்லை. மழையில் வந்த கை, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் கம்பளி நனையவே இல்லை.

தரையைப் பார்த்தேன். ஓர் அட்டை. மழை நாளில் யார் காலோடாவது உள்ளே வந்துவிடும். உடம்புச் சூடு எங்கேயோ அங்கேதான் ஊரும். அது அவள் பாதத்தில் ஏறியது. நிற்கவில்லை. மறுபக்கம் இறங்கியது.

என்னை நோக்கி வந்தது…

“எந்த… லயம்?” தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் எது என்று கேட்டேன்.

“மேட்டு லயங்க. கடைசிக் காம்பரா. எனக்கு இல்லைங்க மிஸ். அங்க ஒரு புள்ள கெடக்கு. சுண்ணாம்பு வச்சப்புறம் யாரும் கையைத் தூக்கிப் பாக்கல.”

மாத்திரை எடுக்கத் திரும்பினேன்.

டக்!

தெர்மாமீட்டர் தரையில் கிடந்தது.

நாற்காலி காலி.

ஆனாலும் என் புத்தி விடுமா? யாரோ என்னிடம் விளையாடுகிறார்கள், கையோடு பிடிக்கிறேன் என்று மாத்திரையும் டோர்ச்சுமாக மேட்டு லயத்துக்கு ஏறினேன்.

கடைசி அறையான அந்தக் காம்பராவில் கொழுந்து எடுக்கும் நிலக்ஷி, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் அவள் அப்பா பொன்னையா.

“சளி புடிச்ச தடிமல் காய்ச்சல்தாங்க மிஸ். கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தோம். உங்களுக்கு யாரு சொன்னா?”

“அட்டை கடிச்சுதா?”

“ஆமாங்க, அக்குள்ள. சுண்ணாம்பு வச்சோம்.”

சுண்ணாம்பைத் துடைத்தேன்.

அதே பொருக்கு. அதே இடம்.

தாங்கிப் பிடித்து முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தேன். தோட்டத்து லொறியில் ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டாள். விடியும்வரை வைத்திருந்தால் கைவிட்டுப் போயிருப்பாள் என்று அங்கே சொன்னார்களாம்.

பிறகு வேலாயி அக்காவிடம் அந்தப் பெண்ணின் அடையாளத்தையும் அக்குளில் இருந்த பொருக்கையும் அவள் சொன்ன காம்பராவையும் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

“நாகலெட்சுமிங்க மிஸ். நீங்க இங்க வர்றதுக்கு முந்தி அந்தக் காம்பராவுல இருந்தவ. காய்ச்சல்ல போய்ட்டா. அவளுக்கும் அட்டைக்கடின்னுதான் சுண்ணாம்பு வச்சாங்க.”

“எங்க புதைச்சாங்க?”

“காட்டோரமாங்க. இப்ப பொதரா மண்டிக் கெடக்கு. நிலக்ஷி காய்ச்சலுக்கு முந்தி வெறகு பொறுக்கப் போனது அங்கதான். அந்தக் குழி மேட்டுலதான் உக்காந்து களைப்பாறினாளாம்.”

அந்தக் கடியைக் கொடுத்ததும் அவளா, காப்பாற்றியதும் அவளா… எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது காய்ச்சல் என்று யார் வந்தாலும் கையைத் தூக்கிப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் காலைப் பார்க்கிறேன். அட்டை ஒட்டியிருந்தால்தான் எனக்கு மூச்சே வருகிறது.