எட்டு வீட்டுக்கு ஒரே ஈமெயில்

1999 கடைசி. மயிலாப்பூர் மாடவீதிக்குப் பின்னால் எட்டு வீடுகள் கொண்ட ஃபிளாட்டில் இருந்தோம். எட்டு வீட்டுக்கும் ஒரே ஈமெயில்! கம்ப்யூட்டர் வைத்திருந்த மாடி வீட்டு மாமாவின் முகவரியைத்தான் எல்லோரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தோம். பாஸ்வேர்டு வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். "உங்க பொண்ணுக்கு ஜுரம் சரியாயிடுத்தாம்" என்று படியிலிருந்தே மாமா சேதி சொல்வார். யாருக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை.

அந்த வருஷம் புற்றுநோய்ச் சிகிச்சையில் அம்மாவின் தலைமுடி முழுக்கக் கொட்டிவிட்டது. மாசக்கணக்கில் அவள் வாசல் தாண்டவில்லை.

"யாருக்கும் தெரியப்படாதுடீ. பாவம்னு ஒரு பார்வை பாத்தான்னா என்னால தாங்க முடியாது" என்பாள்.

இங்கே கிடைத்த விக்கெல்லாம் நாடகத்துக்கு வைப்பது போலிருந்தன. அமெரிக்காவில் இருந்த அண்ணன் இன்டர்நெட்டில் ஒரு கடையைப் பிடித்தான். கடைக்காரர்கள் தகவல் அனுப்ப ஈமெயில் கேட்கிறார்கள் என்றான். நானும் யோசிக்காமல் ஃபிளாட் முகவரியையே சொல்லித் தொலைத்தேன்.

பார்சல் வந்த அன்றுதான் உறைத்தது. மாடிக்கு ஓடினேன். அம்மா பெயர், விக்கின் நிறம், நீளம், 'சிகிச்சையில் இருப்பவர்களுக்கு' என்ற குறிப்பு, எல்லாம் மெயிலில் இருந்தது. யாரோ ஏற்கெனவே திறந்து படித்திருந்தார்கள். எதிர் வீட்டு மாமி தினமும் மெயில் பார்ப்பவர். அவர் வாயில் ஒரு சேதியும் தங்காது.

சாயங்காலம் அம்மா விக்கை வைத்துக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். தடுக்க மனசில்லாமல் பின்னாலேயே போனேன். படியில் அந்த மாமி! ஐயோ, தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"வாங்கோ, வாங்கோ! பாத்து எத்தனை நாளாச்சு. டிசம்பர் பூ வாங்கினேன், சித்த திரும்புங்கோ" என்றவர், தன் கொண்டையிலிருந்தே ஒரு ஊசியை உருவி, தூங்கும் குழந்தையின் தலையைத் தொடுவது போல மெதுவாகப் பூவை வைத்தார். அம்மாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, அவளிடம் சொல்லாதே என்று தலையசைத்தார்.

"ஜோரா இருக்கு, போயிட்டு வாங்கோ."

குளக்கரையில் பனி இறங்கியிருந்தது. தண்ணீரில் விளக்குகள் அசைந்தன. அம்மா பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி, தரையில் கால் படாதவள் போல நடந்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இப்போது எதை வாங்கினாலும், 'உங்கள் விவரங்கள் ரகசியமாக இருக்கும்' என்று திரை உறுதி சொல்கிறது. அன்று எங்களுக்கு யாரும் எந்த உறுதியும் தரவில்லை. ஆனால் எட்டு வீட்டில் ஒருவரும் மூச்சு விடாததால், தன் ரகசியம் யாருக்கும் தெரியாது என்று நம்பியே அம்மா கடைசி வரை மாடவீதியில் தலைநிமிர்ந்து நடந்தாள்.