ஜில்லிட்ட கை

சென்ற மார்கழியில் ஒரு காலை, காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. நரம்புப் பரிசோதனை அறைக்கு வெளியே நான் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தேன்.

பட்டுப் புடவை முந்தானைக்குக் குச்சு கட்டுவது என் தொழில். சில மாதங்களாக வலது கை மரத்துப்போய், நூல் நழுவிக்கொண்டிருந்தது. வேறு யாராவது என்றால் தைலம் தடவிவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். என் சித்தப்பா கை கால் சூம்பி, கடைசியில் சோற்றை விழுங்கக்கூட முடியாமல் போனவர். அவருக்கும் கையில்தான் ஆரம்பித்தது. எனக்கும் அதுதான் என்று நானே முடிவுகட்டி, வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். கையில் ஒயர்களை ஒட்டி, சுருக் சுருக்கென்று கரண்ட் வைத்தார் டெக்னீஷியன். விரல்கள் தானாகத் துள்ளின. அந்த வலியைவிட அவர் முகம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. திரையைப் பார்த்தார், மறுபடி வைத்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"கை ரொம்ப ஜில்லுனு இருக்குதுமா. இப்படி இருந்தா ரிசல்ட் தப்பா காட்டும். வெளிய போய் சூடு பண்ணிக்கினு வாங்க."

நான் நம்பவில்லை. எதையோ கண்டுபிடித்துவிட்டுத்தான் நைசாக அனுப்புகிறார் என்று நினைத்தேன். வராந்தாவில் அழுகையே வந்துவிட்டது.

அங்கே சக்கர நாற்காலியில் இருந்த கணவரோடு காத்திருந்த ஒரு அம்மா, கேட்காமலே என் கையை இழுத்துத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தார். சித்தப்பா கதையை அவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

"உனக்கு மரத்துப் போகுதாமா, இல்ல பலமே போச்சா?"

"மரத்துத்தான் போகுது. எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது."

"அப்போ பயப்படாத. எங்க வீட்டுக்காரருக்கு மரத்ததே இல்லமா. கொசு கடிச்சா இன்னிக்கும் நல்லா தெரியுது. அடிக்கத்தான் கை வராது."

சிரித்துக்கொண்டே சொன்னார். என் பதற்றத்தில் அது சரியாகக் காதில் ஏறவில்லை.

மறுபடி சோதித்தார்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது, சரிசெய்துவிடலாம் என்றார் டாக்டர். சித்தப்பாவுக்கு வந்த நோயில் உணர்ச்சி போகாது, பலம்தான் போகும் என்றும் விளக்கினார். எனக்குச் சுரீரென்றது. அந்த நோய் எனக்கில்லை என்பதை, அது தன் கணவருக்கு இருப்பதை வைத்துத்தான் அந்த அம்மா சொல்லியிருக்கிறார்.

வெளியே ஓடினேன். அதற்குள் அவர்களை உள்ளே அழைத்துவிட்டார்கள்.

தன் வீட்டுத் துயரத்தையே எடுத்துக்காட்டி, முன்பின் தெரியாத ஒருத்திக்குச் சிரித்த முகத்தோடு தைரியம் சொல்ல எனக்கு வருமா என்று கேட்டுக்கொள்கிறேன். 'வரும்' என்று சொல்ல இன்றுவரை வாய் எழவில்லை.