சம்பலில் கலந்த இரும்பு மாத்திரை

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டேன். ஆம்பிளை வெட்கம் ஒரு பக்கம். மனைவி செய்ததைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது என்பது இன்னொரு பக்கம். போன வாரம் அவளே சொன்னாள்: "எழுதுங்க. இதே சீக்குள்ள வீடு இன்னும் எத்தனையோ இருக்கு."

எனக்குப் பிறவியிலேயே தலசீமியா. உடம்பில் நல்ல இரத்தம் ஊறாது. மாதாமாதம் பஸ் ஏறிப் போய் ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றிக்கொள்வேன். அந்த இரத்தத்தோடு வரும் இரும்புச்சத்து உள்ளேயே தங்கிவிடும். அதை வெளியேற்றத் தனி மாத்திரை உண்டு. தேயிலை ஃபெக்டரியில் எனக்கு இலேசான வேலை. கொழுந்து கொண்டுவரும் லொறிக்கார மாமா கேட்பார்: "ஏன் மாப்ள, உனக்குள்ள ஓடுறது நூறு பேரு ரத்தம். புள்ள யாரு சாயல்ல பொறக்கும்?" நானும் சிரித்துவைப்பேன்.

கல்யாணமாகி நான்கு வருடமாகியும் பிள்ளை இல்லை. மனைவியைச் சோதித்தார்கள், அவளுக்கு இந்த நோயின் கூறு இல்லை, குறையும் இல்லை. எனக்குத்தான் விந்தணு குறைவு. தேங்கிய இரும்பு அதைக் கெடுக்கிறது, அந்தக் கேட்டைத் தடுக்கும் விட்டமின் குளிசை தருகிறேன், பலன் நிச்சயமில்லை என்றார் டொக்டர் அம்மா. மாரியம்மனுக்கு விளக்கேற்றிவிட்டுத் தினமும் போட்டேன்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் விந்தணு கூடவில்லை. இரும்பு கூடியிருந்தது.

"மருந்து தவிர வேற என்ன சாப்பிடுறீங்க?" என்றார் டொக்டர் அம்மா.

"ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தான்" என்றேன். மனைவி தலை குனிந்தாள். கொழுந்து பறிக்கும் அவளுக்கு இரத்தம் ஊறவென்று தோட்டத்து மருந்தகத்தில் இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தான் சாப்பிடாமல், பொடித்து, என் ரொட்டிக்கு அரைக்கும் சம்பலில் கலந்திருக்கிறாள்.

"ரத்தமில்லாத மனுசன் அவரு. எனக்கெதுக்குன்னு..."

டொக்டர் அம்மா திட்டவில்லை. "இனிமே எதுன்னாலும் எங்கிட்ட கேட்டுட்டுக் குடும்மா" என்றார்.

பஸ்ஸில் நானுஓயா தாண்டியதும் கேட்டேன்: "சம்பல் கறுத்துக் கெடந்தது அதானா?"

"அம்மி சரியில்லன்னு திட்டினீங்களே" என்றாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதை நிறுத்தி ஒரு வருடத்தில் இரும்பு இறங்கியது. விந்தணு கொஞ்சம் கூடியது. குளிசையாலா, சம்பல் மாறியதாலா என்று டொக்டர் அம்மாவாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அம்மன் கண் திறந்தாள் என்பது என் நம்பிக்கை.

யாருக்காவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். பிள்ளை பிறந்தது என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். இன்னும் பிறக்கவில்லை. வேண்டிக்கொண்டிருக்கிறோம்.