மலை இருக்கும்போது திசைகாட்டி எதற்கு

எண்பத்தாறாம் வருடம் மாசி மாதம், எழுபத்தாறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வால் நட்சத்திரம் வந்தது. அதை ஒரு படம், ஒரே ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்திருந்தது. அப்போது எனக்கு வயது முப்பத்து நான்கு. அடுத்த முறை அது வரும்போது நூற்றுப் பத்து. கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் நான். இந்தக் கூட்டலை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஐப்பசியிலேயே தொலைநோக்கி தேட ஆரம்பித்துவிட்டேன். மெட்ராஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தொலைநோக்கியும் செய்து தருகிறார் என்று கேள்விப்பட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். இரண்டு தடவை கடை பூட்டியிருந்தது. மூன்றாவது தடவை திறந்திருந்தது. உள்ளே என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு குழாய், அதற்குக் கீழே ரயில்வே தண்டவாளத்தை அறுத்துச் செய்தது மாதிரி ஓர் இரும்புக் கால்.

"இத பஸ்ல ஏத்த முடியுமா?" என்றேன்.

"லாரில ஏத்தலாம் சார்."

"நட்சத்திரம் நகர்ற வேகத்துக்கு இதுவும் கூடவே திரும்புமா?"

"நீங்க திருப்புனா திரும்பும்."

எனக்கு வந்த கோபத்தில் டீகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன். வானத்தைப் படம் எடுப்பதில் உள்ள தொல்லையே இதுதான். மங்கலான ஒளி ஃபிலிமில் பதிய ஐந்து நிமிடமாவது கேமராவைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் வானம் நகர்ந்து, புள்ளியாக விழ வேண்டிய நட்சத்திரம் கோடாக விழுந்துவிடும். வானத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்பும் தாங்கி ஒன்று வேண்டும். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் குழாய் எவ்வளவு பெரிது என்று கேட்பார்கள். அதைத் தாங்கும் காலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

கடைசியில் பொருள் என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளியே இருந்தது. நாங்கள் அண்ணாமலை அடிவாரத்தில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அந்தத் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு பெட்டி. உள்ளே முழங்கை நீளத்தில் சின்னத் தொலைநோக்கி, மரத்தில் முக்காலி, பேட்டரியில் ஓடும் மோட்டார் வைத்த தாங்கி. எல்லாம் சைக்கிள் கேரியரில் அடங்கிவிடும். ஒரு வருடம் இங்கே இருந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லையாம். மலையைப் பார்க்க வந்தேன், அதைப் பார்க்கத் தொலைநோக்கி எதற்கு என்றார். தாங்கியின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வை, மற்றதை மோட்டார் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி, பெட்டியை என்னிடமே கொடுத்துவிட்டு விமானம் ஏறப் போய்விட்டார்.

துருவ நட்சத்திரம் எங்கள் ஊரில் பன்னிரண்டு டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அவருடைய தாங்கியோ அவர் நாட்டு வானத்துக்குச் செய்தது. இருபத்தைந்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த கோணமானியில் நூலும் குண்டும் கட்டி, பின்காலுக்கு அடியில் செங்கல் வைத்து, இரண்டு நாள் மல்லுக்கட்டிப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தேன். அரை டிகிரிகூடப் பிசகில்லை. அந்தப் பெருமையில் மனைவியை மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சரி, துருவ நட்சத்திரம் எங்க?" என்றாள்.

அங்கேதான் வந்தது வினை. எங்கள் மாடியிலிருந்து வடக்கே பார்த்தால் மலை. வானத்தில் பாதியை அது அடைத்துக்கொண்டிருந்தது. துருவ நட்சத்திரம் அதற்குப் பின்னால் எங்கேயோ இருந்தது.

தூக்கிப் போகும் பொருள்தானே என்று பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடிகாலையில் மலையைச் சுற்றி அடி அண்ணாமலைக்குப் போனேன். அங்கே துருவ நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது. வால் நட்சத்திரம் தென்கிழக்கில், மலைக்குப் பின்னால் போய்விட்டது. விடியும்வரை மலையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கும்பிடுகிற மலையைத் திட்டக் கூடாது. அன்றைக்குத் திட்டினேன்.

மறுபடி எங்கள் மாடி. வால் நட்சத்திரம் தெரிகிற இடத்தில்தான் படம் எடுக்க முடியும். துருவ நட்சத்திரம் தெரியாவிட்டால் என்ன, வடக்கு எது என்று தெரிந்தால் போதும்.

"ஏங்க, ஒரு காம்பஸ் வாங்கிக்கலாமே" என்றாள் மனைவி.

"மலை இருக்கறப்ப காம்பஸ் எதுக்கு?" என்று சிரித்தேன்.

நான் மட்டுமா, எங்கள் தெருவில் எவரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மலை வடக்கே. வீட்டுக்கு வழி சொல்வதும், கட்டில் போடுவதும், வாசல் வைப்பதும் அதை வைத்துத்தான். மாடி ஏறினால் கை தானாக உச்சியைப் பார்த்துக் கும்பிடும். அச்சை உச்சிக்கு நேராகத் திருப்பி, திருகை இறுக்கினேன்.

ஆறு விடியற்காலைகள். தொலைநோக்கியின் முதுகில் கேமராவைக் கட்டி, மோட்டாரை ஓடவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து நிமிடம். மூச்சுவிட்டால் ஆடிவிடும் என்று குழாயில் கண் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. கீழ் வீட்டுக்காரர் தண்ணீர் பிடிக்க எழுந்தால் அவரையும் அப்படியே நிற்கச் சொன்னேன். வால் நட்சத்திரம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது, விபூதிக் கீற்று மாதிரி. மனைவி சுவரில் சாய்ந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெர்மன்காரர் கொடுத்த கலர் ஸ்லைடு ரோல் அது. கழுவுவதற்குப் பம்பாய்க்கு அனுப்ப வேண்டும். போனது போனதுதான். பங்குனி முடிந்து, சித்திரை முடிந்து, வால் நட்சத்திரமும் மங்கி மறைந்து, ஜூனில் பள்ளி திறந்த வாரம்தான் தபாலில் வந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட நட்சத்திரம் புள்ளியாக இல்லை. எல்லாம் சின்னச் சின்னக் கோடுகள், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து. நடுவில் வால் நட்சத்திரம், ஈரக்கையால் துடைத்துவிட்ட சாக்பீஸ் தடம். கை ஆடியிருந்தால் கண்டபடி ஆடியிருக்கும். இது முப்பத்தாறு படத்திலும் ஒரே மாதிரி செய்த தப்பு.

அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் பள்ளி ஆய்வகத்து அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில் ஆறு காம்பஸ்கள் தூசி படிந்து கிடந்தன. ஏழு வருடமாக அந்த அலமாரியைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன். ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மாடியில் செங்கல் இன்னும் அதே இடத்தில் இருந்தது. அதன் மேல் காம்பஸை வைத்தேன். முள் கொஞ்சம் ஆடி நின்றது. மலை உச்சியில் அல்ல. அதற்கு நன்றாக இடப்பக்கம் தள்ளி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் நின்றது. காம்பஸை எடுத்துக் குலுக்கினேன். மறுபடி வைத்தேன். மறுபடியும் தண்ணீர்த் தொட்டி. விரலால் தட்டினேன். துணி எடுக்க வந்த மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"தட்டாதீங்க," என்றாள். "அது சரியாத்தான் காட்டுது."