அக்கா வைத்த வேகம்

அக்கா தவறிப்போன பிறகு அந்தச் சிதம்பரம் வீட்டில் ஒழுங்காக நடந்தது ரயில் விடுவது ஒன்றுதான். மாமா நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, கெட்டுப்போன மோட்டாரைக்கூட ஆள் வைத்துப் பார்க்கவில்லை. ஆனால் சாயங்காலம் ஆனதும் மாடி அறைக்குப் போய், மேசைமேல் அக்கா பதித்த தண்டவாளத்தில் இன்ஜினை ஒரு சுற்று விட்டுப் பார்ப்பார்.

பொம்மை என்று சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். கையளவுதான் அந்த டீசல் இன்ஜின். அதற்குள் இருக்கும் சிப்பில், எவ்வளவு மெதுவாகக் கிளம்ப வேண்டும், எவ்வளவு தூரம் உருண்டு நிற்க வேண்டும் என்பதையெல்லாம் எண்களாகப் பதிந்து வைக்கலாம். அவள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் எடுத்தவள். கடலூருக்கு வரும்போதெல்லாம் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் நின்று நிஜ வண்டி கிளம்புவதைப் பார்த்துவிட்டு வந்து, மாதக்கணக்கில் அந்த எண்களோடு மல்லுக்கட்டினாள். எங்காவது குறித்து வையேன் என்றால், "அதான் இன்ஜினுக்குள்ளயே இருக்கே" என்பாள். அவள் கைபட்டு இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

துக்கம் என்று ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. அது கழிந்து வந்த முதல் ஆயுதபூஜைக்கு மறுநாள் மாமா போன் செய்தார்.

"மச்சான், வண்டி நின்னு நின்னு போவுது. கொஞ்சம் வந்து பாரேன்."

நான் கடலூரில் இன்வெர்ட்டர் ரிப்பேர் செய்கிறவன். ஒயர் உள்ள எது கெட்டாலும் குடும்பத்தில் என் தலையில்தான் விழும். பஸ் பிடித்துப் போனேன். இன்ஜின் ஒரு சாண் நகரும், நிற்கும், வெட்டி இழுக்கும். சிப்பிலுள்ள எண்களைப் படிக்கச் சொன்னால் வண்டியை ஓட்டும் கன்ட்ரோலரில் எரர். திரும்பத் திரும்ப அதேதான். ரீசெட் செய்தால் சரியாகிவிடும் என்று நெட்டில் ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள்.

"ரீசெட் பண்ணா அக்கா வெச்சதெல்லாம் அழிஞ்சிடும் மாமா. மொதல்ல அதப் படிச்சு எடுத்துக்கணும்."

"படிக்கத்தான் மாட்டேங்குதே. ஓடாத வண்டிய வெச்சிக்கினு நான் என்னா பண்றது?"

சொல்லிக்கொண்டே அவரே ரீசெட் பட்டனை அழுத்திவிட்டார். அதற்கும் எரர் வந்தது. அப்பாடா, ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு மூச்சு வந்தது.

பிறகு இன்ஜினைத் தூக்கிக் கவிழ்த்தேன். ஒவ்வொரு சக்கரத்திலும் சந்தனம் அப்பி, மேலே குங்குமம். அந்த வண்டிக்குக் கரண்ட் ஏறுவதே சக்கரம் வழியாகத்தான். காய்ந்த சந்தனம் அதை மறித்திருக்கிறது. சிப்பில் எந்தக் கோளாறும் இல்லை.

"அவ வண்டிக்கு மேல மட்டும் ஒரு பொட்டு வெப்பா. பைக்குக்கு வெக்கிற மாதிரி சக்கரத்துக்கும் வெச்சேன். வருஷம் கழிச்சு செய்யறோமேன்னு..."

திட்ட வந்ததை அடக்கிக்கொண்டு ஒரு பழைய துணியைத் தேடி எடுத்தேன்.

துடைத்துத் தண்டவாளத்தில் வைத்தேன். இந்த வண்டிக்கென்று அக்கா கொடுத்திருந்த நம்பரைக் கன்ட்ரோலரில் போட்டால் அசையவில்லை. கம்பெனியிலிருந்து வரும்போது இருக்கும் நம்பரைப் போட்டதும் துள்ளிக்கொண்டு பாய்ந்தது. அக்கா வைத்ததெல்லாம் அழிந்திருந்தது. மாமா அழுத்திய ரீசெட் சிப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சேர்ந்துவிட்டது என்று பதில் சொல்லத்தான், சந்தனம் மறித்ததில், சிப்பால் முடியவில்லை. விஷயத்தைச் சொன்னதும் மாமா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அதிலிருந்து லீவு நாளெல்லாம் எனக்குச் சிதம்பரத்தில்தான். நான் எண்ணை மாற்றி ஓட்டுவேன், அவர் பார்த்துச் சொல்வார். "இல்ல, இதவிட மெதுவா." "இது ஜாஸ்தி மெதுவு." "நிக்கறப்ப இப்டி குலுங்காது." அக்காவை மறுபடி மறுபடி பறிகொடுப்பதுபோல எனக்கு இருக்கும். ஆனாலும் போவேன்.

போன வாரம் இன்ஜின் பதமாகக் கிளம்பி, வளைவில் நிதானமாகத் திரும்பி, தானாக உருண்டு நின்றது. இதுதான் என்று பட்டது. சந்தோஷமாக மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்டியா மச்சான் போவும்? இத்தன விதமா ஓட்டிப் பாத்ததுல, அவ ஓட்டுனது எதுன்னு எனக்கே மறந்துபோச்சு."